காற்றுப்பெட்டியைக் கழற்றினால் வேகம் கூடுமா?

மலேசியாவில் பதிவு பெற்ற வாகனங்களுள் ஏறக்குறைய பாதி மோட்டார் சைக்கிள்களே. தென் பேராக்கின் பீடோர், தாப்பா, சுங்காய் போன்ற ஊர்களில் வாழ்பவர்களுக்கு இதைப் புள்ளிவிவரம் கொண்டு விளக்க வேண்டியதில்லை. ரப்பர் நிரைகள் செம்பனையாக மாறின. லயங்களில் வாழ்ந்த நம்மவர்கள் தாமான்களுக்கும் பட்டணத்து ஓரங்களுக்கும் குடிபெயர்ந்தார்கள். வேலைக்காட்டுக்கு நடந்தே போன காலம் மறைந்து, வீட்டுக்கும் வேலைக்கும் இடையே பல மைல் தூரம் விழுந்தது. அந்தத் தூரத்தைக் கடக்க உதவுவது ‘கப்சாய்’ என்று நாம் அழைக்கும் சிறு மோட்டார்தான். ஹோண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட ‘சூப்பர் கப்’ வண்டியின் பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து இப்பெயர் பிறந்ததாகக் கூறுவர். அப்பா வேலைக்குப் போவதும், தங்கை பள்ளிக்குப் போவதும் ஒரே வண்டியில்தான் என்ற குடும்பங்கள் இன்றும் உண்டு.

இத்தகைய வண்டியில் இளைஞர்கள் முதலில் செய்ய நினைக்கும் மாற்றங்களுள் ஒன்று, வண்டியோடு வந்த காற்றுப்பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ‘ஓப்பன் ஃபில்டர்’ ஒன்றை மாட்டுவதாகும். விலை குறைவு, வேலை அரைமணி நேரம், முறுக்கியவுடன் கம்பீரமான சத்தம் வேறு. ஆனால் இதனால் உண்மையில் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது? இவற்றைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயந்திரம் எவ்வளவு காற்றைக் குடிக்கிறது?

பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. எடையில் பார்த்தால் இது சாதாரணமாகத் தோன்றும். கன அளவில் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்கச் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும்.

இன்னொரு கணக்கும் பார்ப்போம். 100 சிசி கொள்ளளவுள்ள நான்கு வீச்சு இயந்திரம் நிமிடத்திற்கு 6,000 முறை சுழல்கிறது எனக் கொள்வோம். இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை அது காற்றை உள்ளிழுக்கும். ஆகவே நிமிடத்திற்கு 3,000 மூச்சு. ஒவ்வொரு மூச்சும் 0.1 லிட்டர். அப்படியானால் நிமிடத்திற்கு அதிக அளவாக 300 லிட்டர் காற்று. இவ்வளவு காற்றும் ஒரு சிறிய வடிப்பான் வழியாகத்தான் போகிறது. எனவே, “வடிப்பான் தடையாக இருக்கிறது, அதை அகற்றினால் வேகம் கூடும்” என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்த உண்மை எப்போது பொருந்தும் என்பதே கேள்வி.

காற்றுப்பெட்டி வெறும் பெட்டியா?

கறுப்புப் பிளாஸ்டிக்கில் அழகில்லாமல் இருக்கும் அந்தப் பெட்டி ஒரே நேரத்தில் ஐந்து வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, தூசியை வடிகட்டுகிறது. இரண்டாவது, மழைநீரும் சேறும் நேராக உள்ளே போகாமல் காக்கிறது. மூன்றாவது, இயந்திரம் விட்டு விட்டு இழுக்கும் காற்றுக்கு அமைதியான ஒரு தேக்கமாக விளங்குகிறது. நான்காவது, உறிஞ்சும் ஓசையை அடக்குகிறது. ஐந்தாவது, இயந்திரத்தின் அடிப்பாகத்தில் சேரும் எண்ணெய்ப் புகையை ஒரு குழாய் வழியே வாங்கி, மீண்டும் எரிவதற்கு அனுப்புகிறது.

மூன்றாவது வேலையைச் சற்று விளக்க வேண்டும். வெறும் பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் ஓசை எழும். பாட்டிலுக்குள் இருக்கும் காற்று சுருள்வில் போல் அழுந்தி விரிவதால் இது நிகழ்கிறது. 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதனை விரிவாக ஆராய்ந்தார். காற்றுப்பெட்டியும் அத்தகைய ஒரு பாட்டில்தான். அதன் கொள்ளளவையும் வாய்க்குழாயின் நீளத்தையும் அகலத்தையும் பொருத்தமாக அமைத்தால், நடுத்தர வேகத்தில் இயந்திரத்திற்கு இழுவைச் சக்தி கூடும். பெட்டியைக் கழற்றும்போது இந்தப் பயனும் அதனுடன் போய்விடுகிறது. சந்திப்பிலிருந்து புறப்படும்போதும், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போதும் வண்டி முன்போல் இழுக்காததற்கு இது ஒரு காரணமாகும்.

காற்றுப்பெட்டி வேகத்திற்கு எதிரி என்றால் பந்தய வண்டிகளில் அது இருக்கக்கூடாது. நடப்பு அப்படியில்லை. கவாசாகி நிறுவனம் 1990இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இசட்இசட்ஆர் 1100 வண்டியில், முன்புறத்திலிருந்து வேகமாக வரும் காற்று காற்றுப்பெட்டிக்குள் செலுத்தப்பட்டது. இன்றைய மோட்டோ ஜிபி பந்தய வண்டிகளிலும் பெரிய காற்றுப்பெட்டி உண்டு. வல்லுநர்கள் பெட்டியைத் தூக்கி எறியவில்லை; அதைச் செம்மைப்படுத்தினார்கள்.

வேகம் கூடியதுபோல் ஏன் தோன்றுகிறது?

பெட்டி போனதும் உறிஞ்சும் ஓசை வெளியே கேட்கிறது. காதுக்குக் கிடைக்கும் இந்தச் சத்தத்தை மனம் வேகமாகக் கணக்கிட்டுக்கொள்கிறது.

உண்மை நிலை வேறு. தாமான் சாலையிலும் பட்டணத்திலும் நாம் முறுக்கியைப் பாதிக்கு மேல் திருகுவது அரிது. அப்போது காற்றைத் தடுப்பது வடிப்பான் அன்று. பாதி மூடியிருக்கும் கார்புரேட்டரின் தடுக்குதான். குழாயைப் பாதி மூடிவைத்துவிட்டுத் தொட்டியை மட்டும் பெரிதாக்கினால் தண்ணீர் கூடுதலாக வருமா? முழுதாக முறுக்கி, உயர்ந்த சுழற்சியில் ஓடும்போது மட்டுமே திறந்த வடிப்பானின் பயன் தலைகாட்டும். அதுவும் எரிபொருள் அளவைச் சரிப்படுத்தியிருந்தால்தான்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பெட்டி வெளிக்காற்றை இழுக்குமாறு அமைக்கப்பட்டது. திறந்த வடிப்பானோ பல வண்டிகளில் இயந்திரத்தின் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கும். காற்றின் வெப்பம் 3 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அதன் அடர்த்தி சுமார் ஒரு விழுக்காடு குறையும். 15 பாகை கூடினால் ஐந்து விழுக்காடு உயிர்வளி குறைந்துவிடும்.

எரிபொருள் கலவை மெலிதல்

பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. காற்று கூடுகிறது, பெட்ரோல் அதே அளவில் இருக்கிறது. கலவை மெலிகிறது. மெலிந்த கலவையால் இயந்திரம் மிகுதியாகச் சூடேறும். முறுக்கியை விடும்போது புகைக்குழாயில் ‘பட் பட்’ என வெடிக்கும். திடீரென முறுக்கினால் வண்டி தயங்கும். யமஹா 125இசட் போன்ற இரண்டு வீச்சு வண்டிகளில் இது மேலும் கடுமையாகும். சூடேறிய பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் இது உயிருக்கே ஆபத்து.

கார்புரேட்டர் உள்ள வண்டியில் மெயின் ஜெட், பைலட் ஜெட் ஆகியவற்றைப் படிப்படியாக மாற்றிப் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பது போமன்களின் பழைய முறை. பால் தேநீர் நிறம் என்றால் நலம். வெளுத்திருந்தால் கலவை மெலிவு. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி.

மின்னணுவியல் முறையில் எரிபொருள் பீய்ச்சும் புதிய வண்டிகள் தாமே சரிசெய்துகொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். மெதுவாகச் சீராக ஓட்டும்போது, புகைக்குழாயில் உள்ள உயிர்வளி உணரியின் துணையால் ஓரளவு சரிசெய்யும். முழுதாக முறுக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் கணினி அந்த உணரியைப் பாராமல், தன்னிடம் முன்பே பதிந்துள்ள அட்டவணையின்படிதான் இயங்கும். அந்த அட்டவணை பழைய காற்றுப்பெட்டிக்காக எழுதப்பட்டது.

செம்மண்ணும் மழையும்

சூப்பர் கப் வழிவந்த ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற வண்டிகளில் வடிப்பான் முன்பக்கம், கால்மறைப்புக்குப் பின்னால் உயரத்தில் இருக்கிறது. சேறும் தூசியும் எட்டாத இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

நம் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களின் மண்சடக்கில், குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் போனவர்களுக்குச் செம்மண் புழுதி எப்படிப்பட்டது என்று தெரியும். அந்தப் புழுதியில் மணற்சத்து கலந்திருக்கிறது. அது எண்ணெயோடு சேர்ந்தால் தேய்ப்புத்தாள் போல் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்குகளையும் அரிக்கும். நாளடைவில் எண்ணெய் குறையும், நீலப்புகை வரும், காலையில் எளிதில் உயிர் பெறாது. தரமான பஞ்சு வடிப்பான்களும் நுரை வடிப்பான்களும் உரிய எண்ணெய் பூசினால்தான் தூசியைப் பிடிக்கும். பெயர் தெரியாத மலிவு வடிப்பான்கள் சிலவற்றில் வெளிச்சத்துக்குப் பிடித்தால் கண்ணுக்கே துளை தெரியும். பிற்பகல் மழையில் நனைந்த வடிப்பான் காற்றையே தடுத்து வண்டியை நிறுத்திவிடுவதும் உண்டு.

சில பத்து ரிங்கிட் கொடுத்து வாங்கிய பொருளால் சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடும் நிலை வந்தால் செலவு பல நூறு ரிங்கிட். வண்டி பட்டறையில் கிடக்கும் நாள்களில் அப்பாவின் சம்பளமும் சேர்ந்து போகும்.

சட்டமும் உண்டு

வாகனங்களின் அமைப்பும் மாற்றமும் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அதே 1987இல் வாகன ஒலி பற்றிய சுற்றுச்சூழல் தர விதிமுறைகளும், 2003இல் மோட்டார் சைக்கிள் புகை பற்றிய விதிமுறைகளும் வந்தன. எண்ணெய்ப் புகைக் குழாயைக் கழற்றித் தொங்கவிடுவது காற்றைக் கெடுப்பதோடு, பின்சக்கரத்தில் எண்ணெய் சொட்டி வழுக்கவும் இடம் தரும்.

செய்யத்தக்கவை

வண்டி முன்போல் ஓடவில்லை என்றால் முதலில் பழைய வடிப்பானைத் திறந்து பாருங்கள். அடைத்துப்போன வடிப்பானைக் கழற்றித் திறந்த வடிப்பானை மாட்டியவர்கள், “வேகம் கூடிவிட்டது” என்கிறார்கள். புதிய அசல் வடிப்பானைப் போட்டிருந்தாலும் அதே வேகம் வந்திருக்கும்.

நுரை வடிப்பானைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, அதற்குரிய எண்ணெயை அளவாகப் பூசலாம். எண்ணெய் தோய்ந்த காகித வடிப்பானைக் கழுவக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். மண்சடக்கில் அன்றாடம் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் உள்ள காலக்கெடுவுக்கு முன்பே இதைச் செய்வது நல்லது. பெட்டியை வைத்துக்கொண்டே தரமான வடிப்பானை உள்ளே மாற்றுவது நடுவழி.

அனுமதி பெற்ற பந்தயத் தடத்தில் ஓட்டுவோர் திறந்த வடிப்பானைத் தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் ‘டைனோ’ பொறியில் ஏற்றி அளந்து, எரிபொருளைச் சரிசெய்து, ஓட்டத்துக்கு ஓட்டம் இயந்திரத்தைத் திறந்து பார்ப்பவர்கள். தினமும் விடியற்காலையில் வேலைக்குப் போக வேண்டிய வண்டிக்கு அந்த வசதி இல்லை.

இளைஞர்களுக்கு இயந்திரத்தின்மேல் உள்ள ஆர்வம் போற்றத்தக்கது. திருகாணியைக் கழற்றத் தெரிந்த கை, அளக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். எந்த மாற்றத்துக்கும் முன்பு தொட்டியை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரையும் பிடித்த பெட்ரோலையும் இரண்டு வாரம் எழுதிவையுங்கள். மாற்றிய பின்பும் அப்படியே எழுதுங்கள். அந்த இரண்டு வாரக் கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, பெட்டி இருக்க வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.