கே. பி. சுந்தராம்பாள்

கே. பி. சுந்தராம்பாள் (1908 - 1980) தமிழ் நாடக மேடைப் பாடகியும், கருநாடக இசைக் கலைஞரும், திரைப்பட நடிகையும் ஆவார். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பது இவரது பெயரின் விரிவு. கணவர் எஸ். ஜி. கிட்டப்பாவின் மறைவுக்குப் பின் துறவு நிலையை ஏற்று, நந்தனார், ஔவையார் போன்ற அடியார் வேடங்களால் புகழ் பெற்றார்.

பிறந்த ஊர்

எடப்பாடிக்கு மேற்கே பூலாம்பட்டி வழியாகச் செல்லும் காவிரி, பவானி, ஈரோடு ஆகிய ஊர்களைக் கடந்து கொடுமுடியை அடைகிறது. திருச்செங்கோடு, பவானி முதலியவற்றைப் போலவே கொடுமுடியும் தேவாரப் பாடல் பெற்ற கொங்கு நாட்டுத் தலங்கள் ஏழனுள் ஒன்று. சுந்தராம்பாள் இவ்வூரில் வறிய குடும்பத்தில் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்த இவரைத் தாய் பாலாம்பாள் வளர்த்தார்.

நாடக மேடையில்

சிறுமியாக இருந்தபோது தொடர்வண்டியில் பாடிய இவரது குரலைக் கேட்டு வியந்த இரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான எப். ஜி. நடேச ஐயர், இவரை நாடகத் துறைக்கு அழைத்து வந்தார் என்று கூறப்படுகிறது. வேலு நாயரின் நாடகக் குழுவில் சிறுவர் வேடங்களில் நடிக்கத் தொடங்கினார்.

அக்காலத்தில் 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறை பரவலாக இருந்தது. வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த நடிகர்கள், முன்கூட்டி ஒத்திகை பாராமல், அனைவரும் அறிந்த ஒரு நாடகத்தை மேடையிலேயே இணைந்து நடத்துவர். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867 - 1922) நாடகங்கள் இதற்குப் பெரிதும் பயன்பட்டன. உரையாடலைவிடப் பாட்டே முதன்மை பெற்றது. எதிரில் நிற்பவர் பாடுவதற்கு உடனே பாட்டால் மறுமொழி கூற வேண்டும். எனவே இராக, தாள அறிவு நடிகருக்கு இன்றியமையாததாக இருந்தது. ஒலிபெருக்கி இல்லாததால், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உயர்ந்த சுருதியில், சொல் சிதையாமல் பாட வேண்டியிருந்தது. சுந்தராம்பாளின் கணீரென்ற குரலும் தெளிவான உச்சரிப்பும் இப்பயிற்சியில் உருவானவை.

திருமணமும் துறவும்

நாடகத்தின் பொருட்டு இலங்கை சென்றிருந்தபோது, செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பாவுடன் (1906 - 1933) இணைந்து நடித்தார். 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களில் இவ்விணை பெரும் வரவேற்பைப் பெற்றது. இருவரும் 1927 இல் மணம் செய்துகொண்டனர். கிட்டப்பா முன்னரே மணமானவர். பின்னர் கருத்து வேறுபாட்டால் இருவரும் பிரிந்திருக்கவும் நேர்ந்தது.

1933 திசம்பர் 2 அன்று கிட்டப்பா தமது 27 ஆம் அகவையில் காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று முதல் வெள்ளைச் சேலை அணிந்து, அணிகலன்களைத் துறந்தார். எந்த ஆண் நடிகருடனும் இணை சேர்ந்து நடிப்பதில்லை எனவும் உறுதி பூண்டார். காதல் நாடகங்களால் புகழ் பெற்ற ஒரு கலைஞருக்கு இது தொழிலையே கைவிடுவதற்கு ஒப்பான முடிவாகும்.

திரைப்படத் துறையில்

'பக்த நந்தனார்' (1935) படத்தில் நடிக்கக் கேட்டபோது, தயாரிப்பாளரைத் திருப்பி அனுப்பும் எண்ணத்துடன் ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் கேட்டார் என்றும், தயாரிப்பாளர் அதற்கு இசைந்தார் என்றும் கூறுவர். அத்தொகை அக்காலத்தில் பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. ஆண் வேடமான நந்தனாரை ஏற்றதால் அவரது உறுதிக்குப் பங்கம் நேரவில்லை. கருநாடக இசைக் கலைஞர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். படத்தைக் கல்கி கடுமையாக விமரிசித்தார்.

ஜெமினி நிறுவனத்தின் 'ஔவையார்' (1953) இவருக்கு நிலைத்த புகழைத் தந்தது. ஔவையார் முதுமையை வேண்டிப் பெற்றவர் என்ற மரபுக்கதை, இவரது சொந்த வாழ்க்கையுடன் பொருந்தி அமைந்தது. 'பூம்புகார்' படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகளாகவும், 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையாராகவும் தோன்றினார்.

அரசியல்

காங்கிரசுக் கட்சியின் ஆதரவாளரான இவர், எஸ். சத்தியமூர்த்தி முதலியோருடன் விடுதலைப் போராட்டக் காலப் பரப்புரையில் ஈடுபட்டார். மக்கள் இவரது பாட்டைக் கேட்கவே கூட்டங்களுக்குத் திரண்டனர். 1950களில் சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார்.

விருதுகள்

- இசைப்பேரறிஞர், தமிழ் இசைச் சங்கம் (1966)
- சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசியத் திரைப்பட விருது, 'துணைவன்' (1969)
- பத்மசிறீ (1970)

நடித்த திரைப்படங்களுள் சில

- பக்த நந்தனார் (1935)
- மணிமேகலை (1940)
- ஔவையார் (1953)
- பூம்புகார் (1964)
- திருவிளையாடல் (1965)
- கந்தன் கருணை (1967)
- துணைவன் (1969)
- காரைக்கால் அம்மையார் (1973)