சுவருக்கு முன்னால் சாக்கடை

நகர அமைப்பு என்றதும் அகலமான ரோடும் அடுக்குமாடியும்தானே நினைவுக்கு வருகின்றன? இந்தூரில் 1980களில் பி.வி. தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பு வேறு மாதிரி. சுமார் 6,500 மனைகள். மிகச் சிறியது 35 சதுர மீட்டர். அதில் அஸ்திவாரம், கழிப்பறை, தண்ணீர், சாக்கடை இணைப்பு. அவ்வளவுதானா என்று கேட்காதீங்க! சுவரை ஏழை தானே எழுப்பிக்கொள்வான். கொத்து வேலை பார்க்கும் என் அப்பா, சீட்டுப் பணம் விழும்போதெல்லாம் ஒவ்வொரு அறையாகத்தான் எங்கள் வீட்டைக் கட்டினார். தெருவுக்குச் சாக்கடை போட அவரால் முடியுமா? மழை பெய்தால் இன்றும் வாசலில் முழங்கால் தண்ணீர். ஆரண்யாவில் அதற்குக் காசு ஏது என்கிறீர்களா? பெரிய சாலையோரத்து மனைகளை வசதியானவர்களுக்கு விற்ற லாபத்தில்தான் ஏழைகளின் மனை விலை குறைந்தது.