காற்றாடிமலை: புனித தேவசகாயம் உயிர்நீத்த இடம்

1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியாளர். இழப்புகளால் மனமுடைந்திருந்த அவருக்கு, குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் மன்னரின் படைத்தலைவரான டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், விவிலியத்திலுள்ள யோபுவின் கதையைச் சொன்னார். நேர்மையாளருக்கும் துன்பம் வரும்; அதிலும் கடவுள் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கை அவருக்குள் வேரூன்றியது. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் ஆனார்.

1749-இல் கைதானார். எருக்கம்பூ மாலையிட்டு, எருமை மீது பின்புறம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுசென்றதாகவும், அடிபட்ட புண்களில் மிளகுத்தூள் தேய்த்ததாகவும் திருச்சபை மரபு கூறுகிறது. அவர் ஆயுதம் ஏந்தவில்லை; விசுவாசத்தை விட மட்டும் மறுத்தார். அரசாணை உடலைக் கட்டிப்போடலாம்; ஆனால் மனச்சாட்சி கடவுளுக்கே உரியது என்பதற்கு அவர் சாட்சி.

காற்றாடிமலையிலுள்ள மணியடிச்சான் பாறை, கல்லால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். அவர் இறந்த நேரத்தில் அது தானாக ஒலித்ததாக மக்கள் நம்புகிறார்கள்.

அவரது கல்லறை கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் உள்ளது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட முதலாமவர் இவரே.