மிளகில்லாத மிளகுக் கேக்
மிளகே சேராத மிளகுக் கேக்குக்குப் பிரசித்தி பெற்ற ஊர் எது, தெரியுமா?

ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரத்துக்கு வடகிழக்கே அமைதியாய் வீற்றிருக்கும் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிறு பட்டணம்தான் அது. மாவைத் தேனோடு பிசைந்து, நெடுநாள் ஊறவைத்து, பட்டையும் கிராம்பும் ஏலமும் கமகமக்கச் சுட்டெடுக்கும் அந்தப் பதார்த்தத்துக்கு, கடல் கடந்து வந்த வாசனைத் திரவியங்கள் யாவற்றையும் அந்நாளைய ஜனங்கள் மிளகு என்றே அழைத்து வந்த காரணத்தால், அப்பெயரே நிலைத்துவிட்டது. 1558-ஆம் ஆண்டில் அதைச் சுடும் உரிமை பெற்ற அவ்வூர் ரொட்டிக்காரர்களின் தொழில் இன்றளவும் அங்கே நடக்கிறது.

இவ்வூர் நமக்கு அந்நியமன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, மணலில் எழுதித் தமிழ் பயின்று, பின்னர் தமிழில் நூல்களை அச்சிட்டு வெளியிட்ட சீகன்பால்கு ஐயர் பிறந்தது அந்தப் புல்ஸ்நிட்ஸில்தான்.