கூரை விளிம்பில் எத்தகைய தடுப்பு?

தோட்டத்தில் ஆபத்து மிகுந்த வேலை எது என்று வினவினால், செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அரிவாளையும், பூச்சி மருந்து தெளிப்பதையும், குலை ஏற்றிச் செல்லும் டிராக்டரையும் பலர் குறிப்பிடுவர். கூரையைக் குறிப்பிடுவோர் மிகச் சிலரே. கூரை வேலை எவருக்கும் அன்றாட வேலையன்று. எண்ணெய் ஆலையின் கூரையோர வடிகாலில் நாரும் தூசும் அடைத்துக்கொண்டால் ஒருவர் ஏறுகிறார். குடியிருப்பில் மழை ஒழுகினால் மற்றொருவர் ஏறுகிறார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேறொருவர் ஏறுகிறார். "அரை மணி நேர வேலைதானே" என்று சொல்லி ஏறுவதால், பாதுகாப்பைப் பற்றிய எண்ணமும் அந்த அரை மணி நேரத்திற்குள் அடங்கிவிடுகிறது.

பத்தடி உயரம் பெரிதன்று என்று கருதுவோர் ஒரு கணக்கை அறிந்துகொள்ள வேண்டும். 3 மீட்டர் உயரத்திலிருந்து தவறி விழும் ஒருவர் முக்கால் விநாடிக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் தரையை அடைகிறார். அப்போது அவர் உடலின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். எதையேனும் பற்றிக்கொள்ளலாம் என்று மனம் எண்ணுமுன் உடல் தரையில் மோதிவிடுகிறது.

இத்தகைய வேலைக்கு இடுப்பில் அல்லது மார்பில் பட்டையணிந்து கயிற்றால் கட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். இடுப்புப் பட்டை, விழுபவரைத் தாங்குவதற்கு உகந்ததன்று. கயிறு இழுத்து நிறுத்தும்போது வயிற்றையும் முதுகெலும்பையும் ஊறுபடுத்தக்கூடியது. உடல் முழுவதையும் அணைக்கும் பட்டை அதனினும் மேலானது. ஆயினும் தாழ்ந்த கூரைகளில் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2 மீட்டர் கயிற்றைக் கால் மட்டத்தில் மாட்டியிருப்பதாகக் கொள்வோம். விழும்போது கயிறு முழுதும் நீள்கிறது; அதிர்ச்சி தாங்கும் மடிப்பு பிரிந்து மேலும் 1.75 மீட்டர் வரை நீளலாம். பட்டையின் கொக்கியிலிருந்து பாதம் வரை ஏறத்தாழ 1.5 மீட்டர்; இவற்றின்மேல் ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். ஆக, கொக்கி மாட்டிய இடத்திற்குக் கீழே 6 மீட்டருக்கு மேல் வெற்றிடம் தேவைப்படுகிறது. நம் குடியிருப்பு வீடுகளின் கூரை விளிம்போ 12 அடி உயரம்கூட இருப்பதில்லை. கயிறு இறுகுமுன்னரே மனிதர் தரையில் கிடப்பார். விளிம்பை எட்டவே முடியாதபடி கயிற்றைக் குறுக்கிக் கட்டுவது வேறு முறை, அது பயனுள்ளது. ஆனால் அதுவும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவரும் மறவாமல் மாட்டினால்தான் காக்கும். விளிம்பில் நிற்கும் கம்பித் தடுப்பு, பயிற்சி பெற்றவர், பெறாதவர், புதிதாக வந்த வெளிநாட்டுத் தொழிலாளி ஆகிய அனைவரையும் ஒன்றுபோலத் தடுக்கிறது.

ஆயினும், கூரைக்கு ஏறாமலே முடிக்கக்கூடிய வேலையாயின் அதுவே எல்லாவற்றினும் சிறந்தது. வடிகாலைத் தரையிலிருந்தே நீண்ட குழாயால் கழுவ இயலுமா, உயர்த்தும் மேடையில் நின்று செய்ய இயலுமா என்று முதலில் பார்த்தல் வேண்டும். இயலாதென முடிவானபின்னரே எத்தகைய தடுப்பு என்ற கேள்வி எழுகிறது.

முதலில் உயரம். ஐந்தரை அடிக்குச் சற்று மேற்பட்ட ஒருவரது உடலின் புவியீர்ப்பு மையம், நிற்கும் நிலையில் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, தரையிலிருந்து ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது. மேற்கம்பி இதற்குத் தாழ்ந்திருந்தால், அதில் மோதியவர் கம்பியின்மேல் மடிந்து அப்பால் கவிழ்வார். சிங்கப்பூரின் 2013ஆம் ஆண்டு உயர வேலை விதிகள் மேற்கம்பிக்கு ஒரு மீட்டரைக் குறைந்த அளவாகக் கூறுகின்றன; கம்பிகளுக்கு இடைப்பட்ட வெளி 60 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. அமெரிக்க விதி 42 அங்குலம், அதாவது 107 சென்டிமீட்டர். அத்துடன் மேற்கம்பி 200 பவுண்டு விசையைத் தாங்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. ஆகவே ஒரு மீட்டருக்குக் குறைந்த எதையும் வாங்குதல் கூடாது. நடுக்கம்பி இல்லாத தடுப்பு, குனிந்தவாறு வேலை செய்பவருக்குத் தடுப்பே ஆகாது. அடியில் ஒரு விளிம்புப் பலகையும் வேண்டும். உருண்டு விழும் சுத்தியல், கீழே நிற்பவர் தலையைத் தேடிச் செல்வதை அது நிறுத்தும். சில மண்டபங்களின் மொட்டைமாடியில் அரையடி, ஓரடி உயரத்தில் கைப்பிடிச் சுவர் எழுப்பியிருப்பர். அது தடுப்பன்று; பின்னோக்கி நடப்பவரின் கால் இடறும் தடை. அச்சுவரின்மேல் இறுக்கிப் பொருத்தும் கம்பித் தடுப்புகள் கிடைக்கின்றன; சுவர் உறுதியாயிருந்தால் அவை நன்கு பயன்படும்.

தட்டையான காங்கிரீட்டுக் கூரைக்கு, துளையிடாமல் கனமான கட்டைகளின் பாரத்தால் நிற்கும் தடுப்புகள் உண்டு. துளை இல்லாததால் ஒழுக்கும் இல்லை. ஆனால் விற்பனையாளர் சொல்லும் எடையையும் கூரை தாங்கும் எடையையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தகுதி பெற்ற பொறியியலாளர் ஒருவர் வேண்டும். சாய்ந்த தகரக் கூரையில் இவ்வகை பயன்படாது.

தோட்டங்களில் காணப்படுவதோ பெரும்பாலும் தகரக் கூரைதான். இங்குதான் தவறான பொருளை வாங்கும் வாய்ப்பு மிகுதி. தட்டையான தளத்தில் தொழிலாளி கம்பியில் சாய்கிறார், அவ்வளவே. சாய்ந்த கூரையிலோ, குறிப்பாக மழை பெய்து பாசி படிந்த தகரத்தில், அவர் சறுக்கி வந்து மோதுகிறார். இவ்வேறுபாட்டைக் கருதியே தற்காலிகத் தடுப்புகளுக்கான ஐரோப்பியத் தரமாகிய ஈ.என். 13374, அவற்றை ஏ, பி, சி என மூவகையாகப் பிரிக்கிறது. பொதுவாக, ஏ வகை 10 பாகைச் சாய்வு வரைக்கும், பி வகை 30 பாகை வரைக்கும், சி வகை 45 பாகை வரைக்கும் உரியது. ஆகவே கடையில் விலை கேட்கும்முன் கூரையின் சாய்வை அளந்துகொள்ளுதல் வேண்டும். மேலும், தடுப்பின் கால்களைத் தகரத்தில் மட்டும் திருகி நிறுத்துதல் பெரும் பிழை. மெல்லிய தகரம் கிழிந்து திருகாணி வெளியே வந்துவிடும். தகரத்தைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் அது பிணைக்கப்பட வேண்டும்.

பழைய கிடங்குகளிலும் புகைக்கூடங்களிலும் உள்ள அஸ்பெஸ்டாஸ் கூரைகளுக்கு விளிம்புத் தடுப்பு மட்டும் ஒருபோதும் விடையாகாது. அங்கே மனிதர் விளிம்பிலிருந்து விழுவதைவிட, காலடியில் தகடு உடைந்து நேரே உள்ளே விழுவதற்கே அஞ்ச வேண்டும். வெளிச்சத்திற்காக இடையிடையே பொருத்திய பிளாஸ்டிக் தகடுகளும் அத்தகையனவே. வெயிலில் பழுத்து, தூசு படிந்தபின் அவற்றைப் பிரித்தறிய முடிவதில்லை. ஆணி வரிசையின்மேல் கால் வைத்து நடந்தால் ஆபத்தில்லை என்பது அனுபவசாலிகள் பலர் கூறும் சொல். அதை நம்புதல் வேண்டா. ஓர் அடி வழுவினால் தகடு உடையும். இரு சட்டங்களுக்கு மேல் படியும் நடைபலகையும், அப்பலகையின் இருபுறமும் கம்பியும், கீழே வலையும் இருந்தாலன்றி எவரையும் ஏற்றலாகாது. தடுப்புக் கால் நடுவதற்காக அஸ்பெஸ்டாஸில் துளையிடுவதும் தகாது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

இரும்பா, அலுமினியமா என்பதில் அதிகம் தயங்க வேண்டியதில்லை. அலுமினியம் இலேசானது, தூக்கிச் செல்ல எளிது. இரும்பாயின் துத்தநாகத்தில் தோய்த்தெடுத்ததாக இருத்தல் வேண்டும். வெறும் வண்ணம் பூசிய குழாய், ஆலையின் நீராவியிலும் கேரித் தீவு போன்ற கடலோரத்து உப்புக் காற்றிலும் உள்ளிருந்து அரித்துவிடும். இரண்டு உலோகங்களை நேராக இணைத்தல் கூடாது. ஈரம் பட்டால் அலுமினியம் விரைவில் தேயும்.

ஏணி வந்து சேரும் இடம் எளிதில் மறக்கப்படுகிறது. ஏறி இறங்குவதற்காகத் தடுப்பில் ஒரு வழி விட்டு, அங்கே சங்கிலி ஒன்றைத் தொங்கவிடுவர். அச்சங்கிலியை ஒருவர் கழற்றினால் அடுத்தவர் மாட்டுவதில்லை. தானே மூடிக்கொள்ளும் சிறு கதவு, உள்நோக்கி மட்டும் திறப்பதாக, அவ்விடத்தில் இருத்தல் வேண்டும்.

இவற்றிற்கெல்லாம் யார் பொறுப்பு? 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் அன்றே நீக்கப்பட்டது. திருத்தப்பட்ட சட்டத்தின்படி முதலாளி வேலையின் ஆபத்தை முன்கூட்டி மதிப்பிட வேண்டும். கடமை தவறினால் அபராதம் 500,000 ரிங்கிட் வரை செல்லலாம். வேலையைக் குத்தகைக்கு விட்டிருந்தாலும், அது தோட்டத்தின் பணிப்பின்கீழ் நடக்குமாயின், குத்தகையாளரின் ஆட்களுக்கும் தோட்டம் பொறுப்பேற்க வேண்டும். சட்டத்தின்படி அளிக்கும் பாதுகாப்புச் சாதனத்திற்கான செலவைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்க முடியாது. உடனடி ஆபத்து உண்டென நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்கத் தவறினால், அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கலாகாது. தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2007இல் வெளியிட்ட வீழ்ச்சித் தடுப்பு வழிகாட்டியும் நிர்வாகத்தினர் படிக்கத்தக்கது.

தடுப்பைப் பொருத்தியபின் அதை மறந்துவிடுதலும் கூடாது. ஏறுமுன், கால்களின் அடியில் துரு உண்டா, திருகாணிகள் தளர்ந்துள்ளனவா என்று ஏணியில் நின்றவாறே பார்க்கலாம். குழாய் ஏதேனும் வளைந்திருந்தால் அதைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்தாமல் மாற்றிவிட வேண்டும்.