பிரித்தில் (வெல்சு மொழிச் சொல்)

பிரித்தில் என்பது வெல்சு மொழியில் டிரவுட் மீனைக் குறிக்கும் சொல். வேல்சு நாட்டின் ஆறுகளிலும் ஏரிகளிலும் பரவலாக வாழும் பழுப்பு டிரவுட் (சால்மோ டுரூட்டா) மீனுக்கு உரிய பெயர் இது. இறுதியில் உள்ள ஒலி நம் ல், ள், ழ் மூன்றிலும் சேராது. ல் சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் ஊதினால் அந்த ஒலி கிடைக்கும்.

சொல்லின் வேர் 'பிரித்'. புள்ளிகள் நிறைந்த, பல நிறம் கலந்த என்பது பொருள். இம்மீனின் உடலில் கருப்பும் சிவப்புமாகப் புள்ளிகள் உண்டு. உலர்ந்த திராட்சை கலந்து சுடும் வேல்சு ரொட்டிக்கும் 'பாரா பிரித்', அதாவது புள்ளி ரொட்டி, என்றே பெயர். வெல்சு விவிலியத்தில் யோசேப்பின் பலவண்ண அங்கியைச் சொல்வதும் இச்சொல்லின் பெண்பால் வடிவமே.

வெல்சின் உடன்பிறந்த மொழிகள் கோர்னியமும் பிரெத்தோனியமும். அவற்றிலும் இச்சொல் சிறிது திரிந்து வழங்குகிறது. ஆனால் அங்கே அது டிரவுட் அல்ல, கடல்மீனாகிய மாக்கரல்! நம் கானாங்கெளுத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த அம்மீனின் முதுகில் கருங்கோடுகள் நெளியும். ஆக, சொல் குறித்தது மீனின் மேல் உள்ள கோலத்தை. எந்த மீன் என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காகப் பொருளும் ஒன்றே என்று எழுதிவிடக் கூடாது. மாக்கரலுக்கு வெல்சில் ஆங்கிலத்திலிருந்து வந்த 'மக்ரெல்' என்ற சொல் உள்ளது.

அகராதியைப் புரட்டும் மாணவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வெல்சில் முன்வரும் சொல்லுக்கேற்பப் பெயரின் முதலெழுத்து மாறும். இரண்டு டிரவுட் என்னும்போது 'டை வ்ரித்தில்'. என் டிரவுட் என்னும்போது 'வ ம்ரித்தில்'. இந்த வடிவங்களை அகராதியில் தேடினால் கிடைக்காது. பகரத்தின் கீழ்தான் பார்க்க வேண்டும். எண்ணுக்குப் பின் பெயர் ஒருமையிலேயே நிற்பது மட்டும் நமக்குப் புதிதல்ல. நாமும் பேச்சில் 'இரண்டு மீன்' என்றுதானே சொல்கிறோம்!

வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட வானவில் டிரவுட்டை 'பிரித்தில் செய்த்லியு', ஏழுநிற டிரவுட், என்கின்றனர். பழுப்பு டிரவுட்டிலேயே சில மீன்கள் கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகின்றன. இனம் ஒன்றுதான், ஆனால் உடல் வெள்ளியாய் மின்னும். டைவி, டவி ஆறுகளில் பரிசலில் சென்று வலைவீசிப் பிடிக்கும் அம்மீனுக்கு வேல்சில் 'செவின்' என்று தனிப்பெயர் வழங்குகிறது.