நம்பரை நம்பாதீங்க ஸார்!

சனிக்கிழமை மத்தியானம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பெங்களூரு பஸ் ஏறும் இளைஞர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பாதிப் பேர் மால், சினிமா. சிலர் மட்டும் காலி பேக்கை மடியில் வைத்துக்கொண்டு மொபைலில் ஏதோ கணக்குப் போட்டபடியே வருவார்கள். அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, சில்க் போர்டு டிராஃபிக்... எதுவும் கண்ணில் படாது. இவர்கள் எஸ்.பி. ரோடு பார்ட்டிகள். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு அப்படி. திரும்பும்போது பேக்குக்குள் செங்கல் மாதிரி ஒரு கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும். பர்ஸில் பஸ் சார்ஜ் இருந்தால் அதிர்ஷ்டம்.

என் நண்பர் ஒருவர் சிப்காட்டில் டூல் டிசைனர். போன மாசம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"1060 வெச்சிருக்கேன். மாத்தணும். 1080 டிஐ செகண்ட் ஹேண்ட்ல வருது. 4060 புதுசு. 4060 பெரிய நம்பர், அதானே வேகம்?"

ஒரு மாசச் சம்பளத்தையே விழுங்குகிற சமாச்சாரம். நம்பரைப் பார்த்து வாங்கலாமா?

என்விடியா கார்டில் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை. கடைசி இரண்டு இலக்கம் அந்தஸ்து. 4060 என்றால் 40-ஆம் வம்சத்தில் 60-ஆம் படியில் இருப்பவர். 1080 டிஐ பழைய வம்சம், ஆனால் உச்சாணிக் கொம்பு. பழைய அசோக் லேலண்ட் லாரியையும் புத்தம் புது டிவிஎஸ் மொபெட்டையும் நிறுத்தி வைத்து, எது புதுசோ அதுதான் அதிகம் இழுக்கும் என்று சொல்ல முடியுமா? (இரண்டு கம்பெனிக்கும் ஓசூரில் ஃபேக்டரி இருப்பதால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

இந்த நம்பர் கூத்து நேற்று வந்ததல்ல. 2001-ல் ஜிஃபோர்ஸ் 3 வந்தது. அடுத்த வருஷம் ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் வந்தது. நாலு பெரிசா, மூணு பெரிசா? மூணுதான்! மூன்றில் இருந்த புரோகிராம் செய்யக்கூடிய ஷேடர் வசதி நாலு எம்எக்ஸில் கிடையாது. அதைவிட மோசம், ஜிடி 1030. 2017-ல் வந்த கார்டின் மெமரி செகண்டுக்கு 48 ஜிபி டேட்டாவைத் தள்ளியது. 2018-ல் அதே பெயரில் மலிவான டிடிஆர்4 மெமரி போட்டு இறக்கினார்கள். வேகம் சுமார் 17 ஜிபி! பெயர் அதே 1030. ஆள் மாறாட்டம் என்றால் இதுதான்.

சரி, நண்பர் கேஸுக்கு வருவோம். 2017 மார்ச்சில் வந்த 1080 டிஐ-யில் 3,584 கோர், 11 ஜிபி மெமரி. நாலு வருஷம் கழித்து 2021 பிப்ரவரியில் வந்த 3060-லும் அதே 3,584 கோர்தான், மெமரி 12 ஜிபி. பழைய விளையாட்டுகளில் இரண்டும் ஏறக்குறைய தோளோடு தோள் நிற்கும். 2023 ஜூனில் வந்த 4060-ல் கோர் 3,072-ஆகக் குறைந்தது, மெமரி 8 ஜிபிக்கு இறங்கியது. இருந்தும் சாதாரண 1080பி திரையில் இருவரையும் கொஞ்சம் முந்தி ஓடுகிறது. கோர் ஒவ்வொன்றும் அதிக வேகத்தில் சுழல்வதும், உள்ளே கேஷ் மெமரியைப் பெரிதாக்கியதும் காரணம். அறிமுக விலை? 1080 டிஐ 699 டாலர். 4060, 299 டாலர்.

அப்படியானால் 4060-தானே? அவசரப்படாதீர்கள். விளையாட்டின் படங்கள் 8 ஜிபிக்குள் அடங்கும்வரை அது ராஜா. நிரம்பி வழிந்ததும் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து கடன் வாங்க ஆரம்பிக்கும். அந்தக் கடனும் எட்டே லேன் உள்ள பாதை வழியாக வரவேண்டும். நண்பருடையதுபோல் பழைய பிசிஐ 3 போர்டாக இருந்தால் அந்தப் பாதையின் வேகம் இன்னும் பாதி. திரையில் ஹீரோ ஓடிக்கொண்டிருக்கும்போதே திக்கித் திக்கி நிற்பார். அப்போது 12 ஜிபி வைத்திருக்கும் 3060 நிதானமாக முந்திப் போகும். 2025-ல் வந்த 5060-க்கும் 8 ஜிபிதான் கொடுத்தார்கள். மகா கஞ்சத்தனம்!

1080 டிஐ-க்கு வேறு இரண்டு வியாதி. ஒன்று, பசி. 250 வாட். 4060-க்கு 115 வாட் போதும். தினம் நாலு மணி நேரம் முழு மூச்சில் ஓட்டினால் வித்தியாசம் மட்டும் இரண்டு மாசத்துக்கு 32 யூனிட். கரன்ட் பில் ஸ்லாப் தாண்டினால் வீட்டில் அப்பா விசாரணைக் கமிஷன் வைப்பார். அத்தனை வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் இறங்கும். ஓசூர் மார்கழிக் குளிரில் அது வேண்டுமானால் போனஸ்.

இரண்டாவது வியாதிக்கு மருந்தே இல்லை. அதில் ரே டிரேஸிங் ஹார்டுவேர் கிடையாது. 1993-ல் வந்த டூம் விளையாட்டு 486 கம்ப்யூட்டரில், கிராஃபிக்ஸ் கார்டு என்ற பேச்சே இல்லாமல் ஓடியது. 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்', ரே டிரேஸிங் இல்லாத கார்டை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. ஒரு காலத்து உச்சாணிக் கொம்புக்கும் அதே கதிதான். 2025 அக்டோபரோடு அந்தத் தலைமுறைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

"டிராயிங் வேலைக்கும் வேகமாகும்ல?" என்றார் நண்பர். ஆசையில் மண்ணைப் போட வேண்டியிருந்தது. கேட் சாஃப்ட்வேரில் மாடலைத் திருத்தி ரீபில்ட் கொடுக்கும்போது பெரும்பாலும் உழைப்பது கிராஃபிக்ஸ் கார்டு அல்ல, பிராஸஸரின் ஒரே ஒரு கோர். பெரிய அசெம்ப்ளியைச் சுழற்றிப் பார்க்க, ரெண்டர் எடுக்கத்தான் கார்டு உதவும். ரெண்டருக்கும் மெமரிதான் முக்கியம்.

கடைசியில் செகண்ட் ஹேண்ட் 3060, 12 ஜிபி என்று முடிவாயிற்று. ஆனால் இந்த மார்க்கெட்டில் மைனிங் கார்டுகள் உலவும். 2022 செப்டம்பர் 15-ல் எதீரியம் நாணயம் முறையை மாற்றியதும், அதுவரை ராப்பகலாக உழைத்த கார்டுகள் மூட்டை மூட்டையாக விற்பனைக்கு வந்தன. சிப் தாங்கியிருக்கும். ஃபேன் பேரிங்கும் தெர்மல் பேஸ்ட்டும்தான் சந்தேகம். ஆகவே கடையிலேயே அரை மணி நேரம் லோடு கொடுத்து ஓட்டச் சொல்லிப் பார்த்தோம். அரதப் பழசு கார்டுக்குப் புதுப் பெயர் எழுதி விற்கும் கில்லாடிகளும் உண்டு என்பதால் ஜிபியூ-இஸட் என்ற இலவச சாஃப்ட்வேரில் ஜாதகம் பார்த்தோம். எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்றுகூட நினைவாகக் கேட்டேன்.

கேட்க மறந்தது ஒன்றே ஒன்று, நீளம். மூன்று ஃபேன் வைத்த கார்டு. ராத்திரி வீட்டில் மாட்டப் போனால் ஹார்டு டிஸ்க் கூண்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்கு வியர்த்துவிட்டது. நண்பர் அசரவில்லை. டூல் ரூம் ஆசாமி ஆயிற்றே! போர்டை ஜாக்கிரதையாகக் கழற்றி ஓரமாக வைத்தார். "ஹேக்ஸா பிளேடு எங்கம்மா வெச்சே?" என்று உள்ளே குரல் கொடுத்தார்.